தொண்டி முதல் சாயல்குடி வரை: உப்புக்காற்றில் தாங்கும் எஸ்.எம்.பி.எஸ். எது?

சுவரிலிருந்து வரும் கரண்டை டெஸ்க்டாப் கணினிக்கேற்ற வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ்.; சப்ளை என்றும் சொல்வோம். அது எத்தனை வாட் வேண்டும் என்பதைப் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். இராமநாதபுரம் கடற்கரையில் கடினமான கேள்வி அதுவல்ல. தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் இந்தப் பெட்டி வாட் போதாமல் போவது குறைவு. சுவரிலிருந்து கரண்ட் உள்ளே வரும் பக்கம்தான் அதற்கு எமன். இறங்கி ஏறும் வோல்டேஜ், கண் சிமிட்டுவதற்குள் போய்த் திரும்பும் கரண்ட், பெயருக்கு இருக்கும் எர்த், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. கடையில் இவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அட்டைப்பெட்டியின் முகப்பிலும் இவை இருக்காது.

வாட் கணக்கு

முதலில் இதை முடித்துவிடலாம். பிராசஸர் உச்சத்தில் எடுக்கும் வாட், கிராஃபிக்ஸ் கார்டு எடுக்கும் வாட், மதர்போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்குமாக ஒரு 60 வாட். மூன்றையும் கூட்ட வேண்டும். பலர் வழுக்குவது பிராசஸரில்தான். இன்டெல் ஐ5-12400-க்கு 65 வாட் என்று போட்டிருக்கும். அது அடிப்படை வேகத்துக்கான எண். டர்போவில், அதாவது வேகம் கூட்டி ஓடும்போது, 117 வாட் வரை போகும். ஐ7-14700கே என்றால் 125 என்பது 253 ஆகிவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ஐ3-12100 போட்ட இ-சேவை மையக் கணினி முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தொட்டால் பெரிது. அதற்கு நல்ல 400 அல்லது 450 வாட் போதும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோவில் ஐ5-12400எஃப், ஆர்.டி.எக்ஸ். 4060 என்று வைத்தால் 117, 115, 60, ஆக 292. அதற்கு 550 வாட். ஐ7-14700கே-யும் ஆர்.டி.எக்ஸ். 4070-யும் சேர்ந்தால் 500-ஐத் தாண்டும். 750-க்குக் கீழே இறங்க வேண்டாம், 850 உத்தமம்.

கூட்டி வந்ததைப் போல் ஒன்றரை மடங்கை ஒட்டியோ அதற்கு மேலோ எடுக்கச் சொல்வது வீண் ஆடம்பரம் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்துக்குத் தன் கணக்கைவிட மிக அதிகமாக இழுக்கும். இதற்காகவே கணினி சப்ளைகளுக்கான பொது வரையறையாக 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, புதிய 16 பின் இணைப்புள்ள பெரிய சப்ளைகள் 100 மைக்ரோசெகண்டுக்குத் தம் வாட்டைப் போல் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று வெயில், மற்றொன்று கரண்ட் போகும் அந்த நொடி. அவை கீழே வருகின்றன.

லேபிளை எப்படிப் படிப்பது? ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் பெட்டியில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கவாட்டில் ஒட்டிய சின்ன அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே 14 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள்: 168 வாட். உங்களுக்குக் கிடைக்கப்போவது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் வரிசைகளில் ஏற்றிக் காட்டியது. இன்றைய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் எடுப்பது 12 வோல்ட்டில் இருந்து. ஒழுங்கான 550 வாட் சப்ளையில் அந்த இடத்தில் 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும். இந்த ஒரு வரியைப் பார்த்தாலே கடையில் உள்ள பாதிப் பெட்டிகளை ஒதுக்கிவிடலாம்.

உள்ளே வரும் கரண்ட்

அதே லேபிளில் இன்புட் என்றொரு வரி இருக்கிறது. நம் பக்கத்தில் 12 வோல்ட் ஆம்பியருக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது அதுதான். சிலவற்றில் 100–240 வோல்ட் என்று இருக்கும், சிலவற்றில் 200–240 வோல்ட். இந்தியாவில் விற்கும் மலிவு வரிசைகளில் இரண்டாவது வகை நிறைய. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டி என்பதால் முதல் வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரே நிறுவனம் இரண்டையும் விற்கும்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் வோல்டேஜ் 180, 160 என்று இறங்குவது உண்டு. அதே லைனில் ஐஸ் கம்பெனியின் கம்ப்ரசரோ இறால் பண்ணையின் ஏரேட்டரோ இருந்தால், அந்த மோட்டார்கள் கிளம்பும்போது இன்னும் ஒரு குழி விழும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது, வழுதூரில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்பதைவிட, கடைசி ஒரு கிலோமீட்டர் கம்பி எத்தனை பேரைச் சுமக்கிறது என்பதுதான் உங்கள் பிளக்கில் தெரியும். வோல்டேஜை அளந்து பார்த்து முடிவு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஐஸ் தேவையும் படுத்துவிடும். அந்த நாட்களில் எடுத்த அளவு மற்ற நாட்களுக்குப் பொருந்தாது.

200–240 என்று எழுதிய சப்ளை 170 வோல்ட்டில் கணினியைத் திடீரென்று அணைத்துவிடலாம், அல்லது ரீஸ்டார்ட் ஆக்கிக்கொண்டே இருக்கலாம். 100–240 வகையில் ஏ.பி.எஃப்.சி. என்ற பகுதி உண்டு. சுவரில் 230 வந்தாலும் 150 வந்தாலும் அதை உள்ளே சுமார் 385 வோல்ட் நேர்மின்சாரமாக உயர்த்தி, ஒரு பெரிய கெபாசிட்டரில் நிறுத்திவைப்பது அதன் வேலை. அதற்குப் பின்னால் உள்ள சுற்றுக்கு வெளியே வோல்டேஜ் இறங்கியதே தெரியாது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சுவரிலிருந்து 340 வாட் எடுக்கும் கணினி 230 வோல்ட்டில் சுமார் 1.5 ஆம்பியர் இழுக்கும். 160 வோல்ட்டில் அதே வேலைக்கு 2.1 ஆம்பியர். கம்பியிலும் டிரான்சிஸ்டரிலும் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், ஏ.பி.எஃப்.சி. பகுதியில் அந்தச் சூடு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. வாட்டில் இடம் விட்டு வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இந்த வகை சப்ளை இருந்தால் கணினிக்கென்று ஸ்டெபிலைசர் வைப்பது தேவையற்றது என்பது எங்கள் கருத்து. ரிலே ஸ்டெபிலைசர் படி மாறும் ஒவ்வொரு முறையும் கரண்டை ஒரு கணம் துண்டித்து மீண்டும் கொடுக்கிறது. சப்ளை தானாகச் சமாளிக்கும் ஒன்றை அது வெட்டுக்காயமாக மாற்றித் தருகிறது.

லோ வோல்டேஜைவிட ஹை வோல்டேஜ் ஆபத்தானது. போஸ்ட் கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு உப்பில் அரித்து அறுந்தால், இரண்டு ஃபேஸ்களில் இருக்கும் வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். குறைவாக லோடு போட்டிருக்கும் வீட்டுக்கு 300-க்கும் மேல் வரும். லேபிளில் உள்ள 240-க்கு மேல் பத்து சதவீதம் என்றால் 264 வோல்ட், அந்த ஏ.சி.யின் உச்சம் 373 வோல்ட். 300 வோல்ட் என்றால் 424. உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 400 வோல்ட் வகை என்றால் அத்தோடு கதை முடிந்தது. 420 அல்லது 450 வோல்ட் வகை போட்ட சப்ளைக்குச் சற்று மூச்சுவிட இடம் உண்டு, அதுவும் நெடுநேரத்துக்கு இல்லை. இதற்கு மருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லை. வீட்டு எம்.சி.பி. பெட்டியிலேயே பொருத்தக்கூடிய ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்றை வயர்மேனிடம் சொல்லிப் போடுங்கள். மேல் எல்லை 265 அல்லது 270, கரண்ட் திரும்பியபின் ஒரு நிமிடமாவது தாமதம் என்று வைக்கலாம்.

பின்புறம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் உள்ள பழைய வகையில் ஏ.பி.எஃப்.சி. இருக்காது. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த பழைய கணினிகள் வீட்டுக்கு ஒன்றாவது பரணில் கிடக்கும். துபாயிலிருந்து வந்தது என்றால் கவலை இல்லை, அங்கும் 230 வோல்ட்தான். சவுதியில் நெடுங்காலம் 127 வோல்ட் புழக்கத்தில் இருந்தது. ஸ்விட்ச் 115-இல் நின்றபடி வந்த பெட்டியை நம் பிளக்கில் செருகினால் வெடிச்சத்தம் கேட்கும். செருகுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்.

கரண்ட் போய் வரும் அந்த நொடி

கடற்கரை லைன்களில் புயல், பெருமழை இல்லாத நாட்களிலும் விளக்கு சிமிட்டும். மாதக்கணக்கில் மழை இல்லாமல் இன்சுலேட்டர்களில் உப்பு படிந்திருக்கும். காய்ந்த உப்பு ஒன்றும் செய்யாது. அதிகாலைப் பனியோ செப்டம்பர், அக்டோபரின் முதல் தூறலோ அதை நனைக்கும்போது அது கரண்டைக் கடத்தத் தொடங்குகிறது. இன்சுலேட்டரின் மேல் தீப்பொறி ஓடி, லைன் ஒரு கணம் விழுந்து எழும். நல்ல மழை பெய்து கழுவிவிட்டால் அடங்கிவிடும். ஆகவே வடகிழக்குப் பருவமழையின் நடுவைவிட அதன் தொடக்கம்தான் கணினிக்குக் கெட்ட காலம்.

இப்படிப்பட்ட இடைவெளியை சப்ளை தன் கெபாசிட்டரில் உள்ள இருப்பை வைத்துத் தாண்ட வேண்டும். ஏ.டி.எக்ஸ். விதிகள் சுமையைப் பொறுத்து 12 முதல் 17 மில்லிசெகண்ட் கேட்கின்றன. நம் கரண்டின் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். 550 வாட் சப்ளையில் 330 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் முழுச் சுமையில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்கும், பாதிச் சுமையில் அது இரட்டிப்பாகும். 292 வாட் எடுக்கும் ஸ்டுடியோ கணினிக்கு 550 வாட் போட்டதன் உண்மையான பலன் இங்கேதான் தெரிகிறது. ஏ.பி.எஃப்.சி. இல்லாத பெட்டியில் கெபாசிட்டரின் வோல்டேஜ் சுவரின் வோல்டேஜோடு இறங்கும். 230-இல் 325 வோல்ட், 160-இல் 226 வோல்ட். இருப்பு பாதிக்கும் கீழே போய்விடும். லோ வோல்டேஜில் ஓடும்போது ஒரு சிமிட்டல் வந்தால் தாங்காது.

யூ.பி.எஸ். வாங்கும்போது சப்ளை தாங்கும் இந்த மில்லிசெகண்ட் கணக்கைத்தான் மனத்தில் வைக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண ஆஃப்லைன் யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்ட் வரை எடுக்கும். நல்ல சப்ளை அதைத் தாண்டிவிடும். வீட்டு இன்வெர்ட்டர் அப்படி இல்லை. சாதாரண மோடில் அது 40 மில்லிசெகண்ட் வரை எடுத்துக்கொள்ளும், ஃபேனும் லைட்டும் கண்டுகொள்ளாது, கணினி அணைந்துவிடும். பின்னால் உள்ள ஸ்விட்சை யூ.பி.எஸ். மோடுக்குத் தள்ளினால் வேகமாக மாறும். ஆனால் அந்த மோடில் இன்வெர்ட்டர் 180 வோல்ட்டை ஒட்டியே பேட்டரிக்குத் தாவிவிடும் என்பதால், லோ வோல்டேஜ் தெருவில் மாலை முழுக்கப் பேட்டரி கரையும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரைச் சாதாரண மோடிலேயே விட்டுவிட்டு, கணினிக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யூ.பி.எஸ். வைப்பது நல்லது. 600 வி.ஏ. என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். வாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஏ.பி.எஃப்.சி. சப்ளைக்கு சைன் வேவ் யூ.பி.எஸ். பொருத்தம், சதுர அலை தரும் மலிவு வகைகளில் சில சப்ளைகள் முனகும், சில மாறும்போதே அணைந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். சப்ளையை ஆன் செய்த கணத்தில் காலியான கெபாசிட்டர் பெரும் ஆம்பியரை உறிஞ்சும். அதைத் தடுக்க என்.டி.சி. என்ற ஒரு சின்ன வில்லை உண்டு. குளிர்ந்திருக்கும்போது கரண்டை மறிக்கும், சூடானதும் வழிவிடும். கரண்ட் போய் சில நொடிகளில் திரும்பினால் வில்லை இன்னும் சூடாகவே இருக்கும், மறிக்காது, முழு அடியும் ஏ.சி.யை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் டயோடில் விழும். நல்ல சப்ளைகளில் கணினி ஓடத் தொடங்கியதும் ஒரு ரிலே அந்த வில்லையை ஒதுக்கிவைத்து ஆறவிடும். ஆன் செய்யும்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்பது பெரும்பாலும் அதுதான். அந்தச் சத்தம் இல்லாத சப்ளை வைத்திருப்பவர்கள், கரண்ட் போனதும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, திரும்பி வந்து சில நிமிடம் நிலைத்த பிறகு போடுவது பாதுகாப்பு.

உப்பு

பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்த நாளிலிருந்து துருவோடு மல்லுக்கட்டிய வரலாறு ஊரறிந்தது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் இந்தக் காற்றின் குணத்தால்தான். அதே காற்றைத்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 120 மில்லிமீட்டர் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது.

சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தண்ணீராகக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் சரியாக வடியாத உப்பு கோடையிலும் மூட்டையை நனைக்கும். நம் கரையில் ஈரப்பதம் 33-க்குக் கீழே போவது அரிது. ஆகவே சர்க்யூட் போர்டில் படிந்த உப்புத்தூசி காய்வதே இல்லை. எப்போதும் ஒரு மெல்லிய ஈரப்படலமாகக் கிடக்கிறது. அதன் அடியில் 385 வோல்ட் ஓடுகிறது. சில மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளுக்கு நடுவே கசிவு தொடங்கி, போர்டின் மேல் கருகிய தடம் விழுந்து, ஒரு நாள் ஃபியூஸ் போகும். வெளியிலிருந்து பார்த்தால் காரணமே இல்லாமல் செத்ததுபோலத் தோன்றும்.

அப்படியானால் எதை வாங்குவது? ஃபேன் குறைவாகச் சுற்றும் சப்ளையை. சுமை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தியே வைக்கும் வகைகள் உண்டு. அமைதிக்காக விற்கப்படுபவை அவை. இங்கே அவற்றின் மதிப்பு வேறு, உள்ளே இழுக்கும் உப்பு குறைகிறது. சில பெட்டிகளில் இதற்குத் தனி ஸ்விட்ச் இருக்கும். இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பில் போடும் கணினி என்று சுமை குறைந்த எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். நாள் முழுக்க ரெண்டரிங் ஓடும் ஸ்டுடியோவுக்கு இதனால் லாபமில்லை, ஃபேன் எப்படியும் சுற்றத்தான் போகிறது. அங்கே பார்க்க வேண்டியது ஃபேனின் பேரிங். சாதா ஸ்லீவ் பேரிங் எண்ணெய் வற்றி உப்புத்தூசியில் சிக்கி நின்றுவிடும். எஃப்.டி.பி. எனப்படும் திரவ பேரிங் அல்லது இரட்டை பால் பேரிங் போட்டதைக் கேளுங்கள்.

மாடுலர் விஷயத்தில் நாங்கள் ஊரோடு ஒத்துப்போவதில்லை. கழற்றி மாட்டும் கேபிள் பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு கேபிளுக்கும் கூடுதலாக ஒரு இணைப்பு, உப்பு நுழைய இன்னொரு வாசல். பிராசஸருக்குப் போகும் 8 பின் இணைப்பில் 150 வாட் ஓடினால் ஒரு பின்னுக்குச் சுமார் 3 ஆம்பியர். அந்தப் பின்னில் பச்சை பிடித்து அதன் தடை 0.1 ஓம் ஆகிவிட்டால், அந்தப் புள்ளியில் 0.3 வோல்ட் விழும், ஒரு வாட் சூடு பிறக்கும். 12 வோல்ட்டுக்கு விதி அனுமதிக்கும் ஏற்ற இறக்கமே 0.6 வோல்ட்தான், அதில் பாதி அங்கேயே போய்விடுகிறது. பிளாஸ்டிக் பழுப்பேறி இளகத் தொடங்குவதும் அங்கேதான். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் கேபிள் நிலையாகப் பிணைத்த வகையை, அல்லது மதர்போர்டு, பிராசஸர் கேபிள்கள் மட்டும் நிலையாக உள்ள பாதி மாடுலர் வகையை எடுக்கலாம். விலையும் குறையும்.

பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் தேர்வில் அடக்கம். அக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்று தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை என்று பாக் விரிகுடாப் பக்கம் சாரலை அடிக்கும். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மன்னார் வளைகுடாப் பக்கம். உங்கள் ஊர்க் காற்று எந்தச் சன்னலில் வருகிறதோ அதற்கு எதிரே கணினியை வைக்காதீர்கள். கேபினெட்டின் அடியில் எஸ்.எம்.பி.எஸ். பொருத்தி, ஃபேன் கீழே பார்த்து, வலை ஃபில்டர் உள்ள வகையை எடுங்கள். அது தரையில் இல்லாமல் அரை அடி உயர ஸ்டாண்டில் நிற்கட்டும். மணலும் தரை துடைத்த ஈரமும் எட்டாது. ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள், நல்ல தண்ணீரில். போர் தண்ணீரில் கழுவினால் நீக்கிய உப்பைவிட அதிகமாக ஏற்றிவிடுவீர்கள்.

மழைக்காலத்தில் கணினியை வாரக்கணக்கில் போடாமல் வைப்பது ஓட்டுவதைவிடக் கெடுதல். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே ஏறும் சூடு ஈரத்தை விரட்டும். ஏ.சி. அறையில் இருந்தால், ஏ.சி.யை அணைத்த கையோடு சன்னலைத் திறக்காதீர்கள். கடல் காற்றின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் வியர்க்கும். சுத்தம் செய்கிறேன் என்று எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றித் திறப்பதும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 385 வோல்ட் கெபாசிட்டரில் தங்கியிருக்கலாம்.

எர்த்

கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? சப்ளை பழுது என்று மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் இரைச்சலை வடிக்க லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட் அவற்றின் நடுப்புள்ளியில், அதாவது சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கும். ஆனால் அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. கேபிளையோ பிரிண்டரையோ செருகினால் போர்ட் எரியலாம். புதுச் சப்ளை போட்டாலும் இது போகாது.

கடற்கரையில் எர்த் பைப் இரண்டு வழியில் தோற்கும். மேட்டு மணலில் காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. தாழ்ந்த உப்பு மண்ணில் நன்றாகக் கடத்தும், ஆனால் ஜி.ஐ. பைப்பும் அதில் மாட்டிய கிளாம்பும் சில ஆண்டுகளில் தின்னப்பட்டுவிடும். பார்க்க முளை நிற்கும், உள்ளே தொடர்பு அறுந்திருக்கும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஃபேஸ்-நியூட்ரல் வோல்டேஜை ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. இதை வயர்மேனை வைத்துச் செய்யுங்கள். அவர் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுப் பார்த்தால் இன்னும் உறுதி; மீட்டரை ஏமாற்றும் எர்த்தும் பல்பை ஏமாற்ற முடியாது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது உடனே விழும்; எர்த்தில் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

பிரான்ஸ், கோல்டு, வெயில்

80 பிளஸ் முத்திரை எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90 சதவீதம். 200 வாட் எடுக்கும் கணினியில் 13 வாட் வித்தியாசம். தினம் எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 31 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் முந்நூறு ரூபாய்தான். கரண்ட் பில்லுக்காக கோல்டு வாங்குவது லாபமில்லை. பெட்டிக்குள் பிறக்கும் சூடு 35 வாட்டிலிருந்து 22 ஆகிறது, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காக வாங்கலாம்.

இந்தச் சோதனை நடப்பது 23 டிகிரி அறையில். மே மாதத்தில் ஏ.சி. இல்லாத நம் கடையில் கேபினெட்டுக்குள் 45 டிகிரி சாதாரணம். முழு வாட்டையும் 40 டிகிரியில் தருமா, 50 டிகிரியில் தருமா என்பது நிறுவனத்தின் விவரத்தாளில் இருக்கும். 50 என்று எழுதியதை எடுங்கள். கெபாசிட்டர் 105 டிகிரி வகையாக இருக்கட்டும்; பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

வாங்கும் இடத்தில்

டெல், எச்.பி. போன்ற பழைய அலுவலகக் கணினிகளை ரீஃபர்பிஷ்டு என்று வாங்கியவர்கள், அதிலுள்ள சப்ளையை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். வாட் குறைவாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் 100–240 வகை, சொன்ன வாட்டை உண்மையிலேயே தருபவை. மாற்றவே வேண்டும் என்றால் மதர்போர்டு இணைப்பை முதலில் பாருங்கள். பலவற்றில் வழக்கமான 24 பின் இருக்காது, கடையில் கிடைக்கும் ஏ.டி.எக்ஸ். சப்ளை செருகாது, சின்னக் கேபினெட்டில் உருவமும் பொருந்தாது.

வாரண்டி ஐந்து ஆண்டா, ஏழு ஆண்டா என்பதோடு, துருவை எப்படிப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வலையிலும் ஸ்குருவிலும் துரு தெரிந்தால் தண்ணீர் பட்டது என்று சொல்லி மறுப்பது நடக்கும். வாங்கிய அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து பில்லோடு வையுங்கள். இராமநாதபுரத்தில் வாங்கினாலும் பழுதுக்கு மதுரைக்கோ சென்னைக்கோதான் போகும்; அனுப்பும் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அது திரும்பி வரும்வரை கடையில் எண்ணூறு ரூபாய்ப் பெட்டியை மாற்றுச் சப்ளையாகத் தருவார்கள், அதில் கிராஃபிக்ஸ் கார்டை மாட்ட வேண்டாம்.

பொருத்திய பிறகு மல்டிமீட்டரை மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவே வைத்து, கணினி சும்மா இருக்கும்போதும் முழு வேலை செய்யும்போதும் அளந்து எழுதி வையுங்கள். 11.4 முதல் 12.6 வரை விதிக்கு உட்பட்டது. சிவப்புக்கு 4.75 முதல் 5.25. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்தால், 12.1 என்று இருந்தது 11.6 ஆவது பழுதுக்கு முன்பே தெரியும். அப்போது முதலில் இணைப்புகளைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டிப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி சப்ளை இல்லை, பச்சை பிடித்த இணைப்புப் பின்தான்.

கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யத் தொடங்கியதும் ரீஸ்டார்ட், யூ.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனால் அணைவது, காலையில் முதல் அமுக்கலில் ஆன் ஆகாமல் மூன்றாவதில் ஆவது, இவை சப்ளை தளர்ந்ததன் அடையாளங்கள். சூடேறும் பிளாஸ்டிக்கும் பிசினும் மீன் வாடை அடிக்கும் என்பது எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் இன்னொரு எச்சரிக்கை. கருவாடு காயும் தெருவில் அதை நம்பிப் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைப்புகளைக் கழற்றி, ஏதாவது ஒரு பின் பழுப்பேறி இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே வழி.

மாடுலர் சப்ளையை மாற்றுபவர்கள் பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் பெட்டியை மட்டும் மாற்றக் கூடாது. சப்ளைப் பக்கத்தில் பின்களின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. ஒரு நிறுவனத்தின் கேபிள் இன்னொன்றில் அச்சாகப் பொருந்தி, 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டை அனுப்பி ஹார்ட் டிஸ்க்கை எரித்துவிடும். பெட்டியோடு வந்த கேபிளைத்தான் போட வேண்டும், பழையதைப் பழைய பெட்டியோடு கட்டிப் போட்டுவிடுங்கள்.